வார்யா தேடும் பொருள்

நடிப்புப் பயிற்சிக்கு உலக நாடகங்களிலிருந்து ஒரேயொரு காட்சியை எடுக்கச் சொன்னால், அன்ரன் செக்கோவின் 'செரித் தோட்டம்' நாடகத்தின் நாலாம் அங்கத்தில் வருகிற ஒரு சின்னக் காட்சியைத்தான் எடுப்பேன். மேடையில் இரண்டு பேர். நடித்து முடிக்க மூன்று நாலு நிமிடம் போதும். கத்தல் இல்லை, அழுது புரளல் இல்லை, ஒருவரை ஒருவர் தொடுவதுகூட இல்லை. ஆனால் அந்த நேரத்துக்குள் ஒரு பெண்ணின் மிச்ச வாழ்க்கை முடிவாகிவிடுகிறது.

நிலைமை இதுதான். ரனேவ்ஸ்கயா குடும்பத்தின் காணி கடனில் மூழ்கி, ஓகஸ்ட் 22 அன்று ஏலத்தில் போய்விட்டது. வாங்கியவன் லொப்பாகின். அவனுடைய தகப்பனும் பாட்டனும் அதே காணியில் அடிமைகளாகக் கிடந்தவர்கள். அவன் இப்போது கைநிறையக் காசுள்ள வியாபாரி. வார்யா அந்த வீட்டின் வளர்ப்பு மகள். சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, வேலைக்காரரின் சாப்பாட்டுச் செலவு வரை கணக்குப் பார்த்து, வீட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தவள். லொப்பாகின் அவளைக் கட்டுவான் என்று இரண்டு வருடமாக எல்லோரும் பேசுகிறார்கள். அவன் மட்டும் வாய் திறக்கவில்லை. இப்போது வீடு காலியாகிறது, ரயிலுக்கு நேரமாகிறது. வார்யாவை வளர்த்த ரனேவ்ஸ்கயா அவனைக் கூப்பிட்டு, இப்போதே கேட்டு முடித்துவிடு என்கிறாள். அவனும் சரி என்கிறான். வார்யாவை உள்ளே அனுப்புகிறார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் அடக்கிய சிரிப்பும் குசுகுசுப்பும் கேட்கின்றன.

வார்யா வருகிறாள். வந்ததும் பயணச் சாமான்களுக்குள் எதையோ தேடத் தொடங்குகிறாள். என்ன தேடுகிறாய் என்று கேட்கிறான். தானே கட்டி வைத்ததாகவும் எங்கே என்று நினைவில்லை என்றும் சொல்கிறாள். இனி எங்கே போகப்போகிறாய் என்று கேட்கிறான். வேறொரு வீட்டில் பராமரிப்பு வேலைக்குப் போகிறேன் என்கிறாள். அவன் போன வருடத்துப் பனியைப் பற்றிப் பேசுகிறான். இன்றைக்கு வெயில், ஆனாலும் மூன்று பாகை உறைகுளிர் என்கிறான். தான் பார்க்கவில்லை என்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து, வெப்பமானியும் உடைந்துபோய்க் கிடக்கிறது என்கிறாள். வெளியிலிருந்து யாரோ அவனைக் கூப்பிடுகிறார்கள். அந்தக் கூப்பாட்டுக்காகவே காத்திருந்தவன் மாதிரி அவன் வெளியே போய்விடுகிறான். அவள் தரையில் உட்கார்ந்து, துணி மூட்டையில் தலையை வைத்து மெல்ல அழுகிறாள். அவ்வளவுதான் காட்சி.

இதைப் படிக்கிற நடிகை முதலில் கேட்கவேண்டிய கேள்வி: வார்யா எதைத் தேடுகிறாள்? செக்கோவ் சொல்லவில்லை. பிரதியில் எங்கும் இல்லை. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் சறுக்குகிறார்கள். கையை மூட்டைக்குள் விட்டு அளைந்துகொண்டு, முகத்தை லொப்பாகின் பக்கம் வைத்து, தேடுவது ஒரு சாட்டுத்தான் என்று பார்வையாளருக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கணமே காட்சி செத்துப்போகிறது. தேடுவது சாட்டாகவே இருந்தாலும், அந்தச் சாட்டை அவள் உண்மையாகச் செய்கிறாள். அதில்தான் அவளுடைய மானம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வந்து சும்மா நின்றால், நான் உன் கேள்விக்குக் காத்து நிற்கிறேன் என்று ஆகிவிடும். கை வேலையாக இருந்தால், ஏதோ எடுக்க வந்தேன், நீயும் இங்கே நின்றாய் என்று ஆகிவிடும்.

யாழ்ப்பாணத்தை அடுத்த எங்கள் அனலைதீவில், பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் விறாந்தையில் இந்தக் காட்சியைப் பயின்றோம். வார்யாவாக நின்ற பிள்ளைக்குத் தேடுவது வரவேயில்லை. அவளுக்குத் தெரியாமல் அவளுடைய சீப்பை எடுத்து, மூன்று மூட்டைகளில் ஒன்றின் அடியில் செருகிவிட்டு, அதைத் தேடிக்கொண்டே வசனத்தைச் சொல்லச் சொன்னேன். கதை மாறிவிட்டது. முதலாவது மூட்டையில் சீப்பு இல்லை. இரண்டாவதன் முடிச்சு இறுகிப்போயிருந்தது, நகத்தால் நெம்பினாள். லொப்பாகின் எங்கே போகிறாய் என்று கேட்டபோது அவள் நிமிரவில்லை. முடிச்சுக்குள் கண்ணை வைத்துக்கொண்டு, மூச்சுக்குள்ளால், வேலைக்குப் போகிறேன் என்றாள். இன்னொருவர் வீட்டில் சம்பளத்துக்கு நிற்கப் போகிற அவமானம் முழுவதும் அந்த நிமிராத தலையில் இருந்தது. அவள் எதையும் காட்ட முயலவில்லை, சீப்பைத்தான் தேடினாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம், தொண்டை அடைத்தது.

ருஷ்ய நடிகரும் நெறியாளருமான கொன்ஸ்தந்தீன் ஸ்ரனிஸ்லாவ்ஸ்கி தன் வாழ்நாள் முழுவதும் சுற்றிவந்து சேர்ந்த இடமும் இதற்குக் கிட்டத்தான். ஆரம்பத்தில் நடிகர் தன் சொந்த நினைவுகளைத் தோண்டி உணர்ச்சியை எழுப்பவேண்டும் என்று நம்பினார். 1938இல் இறப்பதற்கு முந்திய ஆண்டுகளில், உடல் செய்கிற சின்னச் சின்னச் செயல்களிலிருந்து தொடங்குங்கள், உணர்ச்சி பின்னால் வரும் என்ற பக்கம் சாய்ந்தார். இந்த இரண்டில் எது சரி என்று இன்றும் நடிப்புப் பள்ளிகளில் சண்டை நடக்கிறது. செக்கோவைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமே இல்லை: செயல்தான். எங்கள் தீவு நடிகர்களுக்கு அது இன்னும் கூடப் பொருந்தும். பூட்டிய வீடும், ஏலம் போன காணியும், போனவர்களின் துயரமும் எங்களுக்குக் கற்பனை இல்லை. அதை நினைத்துக்கொண்டு இந்தக் காட்சிக்குள் இறங்கினால் முதல் வரியிலேயே அழுகை வந்துவிடும். வார்யா முதல் வரியில் அழுதால் கடைசியில் அழ ஒன்றும் மிஞ்சாது.

இனி லொப்பாகின். அவனைக் கோழையாகவோ கல்நெஞ்சனாகவோ நடிப்பது லேசு, அது பிழையும்கூட. அவன் கத்துகிற முரட்டு வியாபாரி அல்ல, எல்லா வகையிலும் கண்ணியமான மனிதன் என்று செக்கோவ் கடிதங்களில் வற்புறுத்தினார். அந்தப் பாத்திரத்தை ஸ்ரனிஸ்லாவ்ஸ்கியே செய்யவேண்டும் என்று விரும்பினார். ஸ்ரனிஸ்லாவ்ஸ்கி ரனேவ்ஸ்கயாவின் தமையன் கயேவ் வேடத்தை எடுத்துக்கொண்டார். செக்கோவின் விருப்பம் நிறைவேறியிருந்தால் இந்த நாடகத்தின் வரலாறே வேறாகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

அவன் ஏன் கேட்கவில்லை? நூறு வருடத்துக்கு மேலாக நடிகர்கள் ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள். அவன் மனம் ரனேவ்ஸ்கயாவிடம் இருந்தது என்பார்கள் சிலர். வேலை தவிர வேறெதற்கும் அவனுக்கு நேரமில்லை என்பார்கள் சிலர். எனக்கு இப்படிப் படுகிறது: வீட்டை வாங்கிவிட்டான். இனி அந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டால், அவளும் ஏலத்தில் சேர்ந்து வந்த பொருள்மாதிரி ஆகிவிடும். கேட்காமல் விடுவதும் அவளுக்குக் கொடுமை, கேட்பதும் கொடுமை. அதனால்தான் குளிரைப் பற்றிப் பேசுகிறான். இப்படி வைத்துக்கொண்டு நடித்தால் அந்தப் பனியும் வெயிலும் பொருள் பெறுகின்றன. மூன்றாம் அங்கத்தில் அவன் காணியை வாங்கிய செய்தியைச் சொன்னதும் வார்யா இடுப்புச் சாவியைக் கழற்றித் தரையில் எறிந்துவிட்டுப் போவாள். சாவியை அவன்தான் பொறுக்கினான். நாலாம் அங்கத்தில் அவளுக்கு எதிரே நிற்கும்போது அந்தச் சாவியின் பாரம் அவன் கையில் இருக்கவேண்டும்.

இன்னொரு நுட்பம். இதே அங்கத்தின் தொடக்கத்தில் மாணவன் திரோபிமோவ் தன் ரப்பர் மேல்சப்பாத்தைத் தேடிக்கொண்டு திரிவான். வார்யா ஒரு சோடியை மேடைக்குள் எறிவாள். அது அவனுடையதே அல்ல. அரங்கம் சிரிக்கும். ஒரே அங்கத்தில் இரண்டு தேடல்கள்: முதலாவது சிரிப்பு, இரண்டாவது வார்யாவின் மூட்டை. முதலாவதில் சிரித்த வாயோடு பார்வையாளர் இரண்டாவதுக்குள் வருகிறார்கள். இது தற்செயல் அல்ல. 'செரித் தோட்டம்' நகைச்சுவை நாடகம் என்று செக்கோவ் அடித்துச் சொன்னார். ஸ்ரனிஸ்லாவ்ஸ்கி அதைப் படித்து அழுதுவிட்டு, இது சோக நாடகம் என்றார். 1904 ஜனவரியில், செக்கோவின் 44ஆவது பிறந்தநாளன்று மொஸ்கோ கலை அரங்கில் அது மேடையேறியது. அந்த ஆண்டு யூலையிலேயே அவர் இறந்துபோனார். வாக்குவாதம் இன்னும் தீரவில்லை. நான் செக்கோவின் பக்கம். செத்தவீட்டில் சிரிப்பு வருவதை அறியாதவர் யார்?

அனலைதீவின் இறங்குதுறையை அறிந்தவர்களுக்கு லொப்பாகினும் வார்யாவும் புதியவர்கள் அல்லர். ஊராத்துறைக்குப் போகிற படகு வெளிக்கிடுகிறது. போகிறவன் ஊராத்துறைக்கு மட்டும் போகவில்லை. யாழ்ப்பாணம், கொழும்பு, அங்கிருந்து கனடா. தாய் கரையில் நிற்கிறாள்.

"சோளகம் எழும்பிட்டுது. உள்ளுக்க இரு தம்பி, நனையாதை."

"ஓமம்மா. நீங்கள் கிணத்தடி மோட்டரைக் கனநேரம் ஓடவிடாதேங்கோ, எரிஞ்சுபோம்."

"பாண் பையுக்க கிடக்கு."

"ஓம்."

படகுக்காரர் ஏறச் சொல்லிக் கூப்பிடுகிறார். அவன் ஏறுகிறான். இந்த உரையாடலில் எங்கேயும் பிரிவு இல்லை. காற்று, மோட்டர், பாண் மட்டும்தான். கூப்பிடுகிற குரல் காட்சியை வெட்டுகிறது, செக்கோவில் வெட்டுவதுபோலவே. உடைந்த வெப்பமானியைப் பற்றி வார்யா சொல்வது மேடைக்காகச் செய்த சோடனை என்று நினைக்கிற இளம் நடிகரை நான் இந்தத் துறையில் ஒரு காலைநேரம் நிற்கச் சொல்வேன்.

அந்தக் கூப்பிடு குரலின் நேரத்தைக் கணிப்பது பயிற்சியிலேயே கடினமான பகுதி. வெப்பமானி உடைந்தது என்று சொல்லி முடிந்த உடனே கூப்பிட்டால், பாவம், இடையூறு வந்துவிட்டது, இல்லாவிட்டால் கேட்டிருப்பான் என்று ஆகிவிடும். அதிகம் பிந்தினால் அந்த மௌனம் இனித்துப்போகும். பார்வையாளர் கண்ணைத் துடைக்கத் தொடங்கிவிடுவார்கள். கேட்கலாம் என்ற வாய்ப்பு உண்மையாகவே திறந்து, அவன் ஒரு மூச்சு எடுத்து, அந்த மூச்சு சொல்லாகாமல் வெளியே போய், அதற்குப் பிறகு குரல் வரவேண்டும். கூப்பிடுகிறவர் மேடைக்கு வெளியே நின்றாலும் அவரும் அந்தக் காட்சியின் நடிகர்தான். நல்ல குழுக்களில் அந்தக் குரலுக்கு நல்ல நடிகரைத்தான் நிறுத்துவார்கள்.

எங்கள் மரபு இந்த அடக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம். தீவுப்பகுதிக்காரர் கோயில் வீதிகளில் விடியவிடியக் கூத்தும் இசைநாடகமும் பார்த்து வளர்ந்தவர்கள். கூத்தில் வருகிற அரசன், தான் யார், என்ன நினைக்கிறான், எதற்கு வந்தான் என்பதை வரவிலேயே பாடிவிடுவான். நடிகமணி வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திரன் மயானத்தில் நின்று பாடும்போது துயரம் எட்டுத்திசைக்கும் கேட்கும். அதை மட்டமென்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. கூத்தில் பயின்ற நடிகரிடம் இருக்கிற மூச்சும் காலூன்றலும் நகரத்து நடிப்பு வகுப்புகளில் இரண்டு வருடத்தில் கிடைக்காது. செக்கோவின் நீண்ட மௌனத்தை அசையாமல் தாங்குவதற்கு அந்த மூச்சுத்தான் வேண்டும். கூத்தில் பழகிய ஒரு அண்ணை லொப்பாகினைச் செய்தபோது முதலில் குரல் கூரையைத் தொட்டது. அதே குரலை, அதே மூச்சை, வயிற்றிலேயே வைத்துக்கொண்டு பேசச் சொன்னதும், பனியைப் பற்றிய ஒரு சாதாரண வசனம் ஆளை உலுக்கியது. உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது, வெளியே காலநிலை.

ஈழத்துத் தமிழ் அரங்கு இந்த அடக்கத்தை முன்பே தேடிப் போயிருக்கிறது. 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியபோது, பயிற்சி இல்லாமல் நடிப்பு இல்லை என்பதை இங்கே நிலைநாட்டினார். அதே ஆண்டு தோன்றிய தமிழ் அவைக்காற்று கலைக் கழகத்தின் மூலம் க. பாலேந்திரா, ரெனசி வில்லியம்ஸின் நாடகத்தைக் 'கண்ணாடி வார்ப்புகள்' என்றும் லோர்க்காவின் நாடகத்தை 'ஒரு பாலை வீடு' என்றும் மேடையேற்றினார். வீட்டுக்குள் அடைந்து, சொல்லமுடியாததைச் சொல்லாமல் இருக்கிற பெண்களை யாழ்ப்பாணத்துச் சனம் அங்கே மூச்சடக்கிப் பார்த்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சண்முகலிங்கம் எழுதிய 'எந்தையும் தாயும்' நாடகத்தில், பிள்ளைகள் வெளிநாடு போய்விட, முதிய பெற்றோர் ஊரில் தனித்துக் கிடக்கிறார்கள். 'செரித் தோட்டம்' முடிவில் எல்லோரும் போனபிறகு, பூட்டிய வீட்டுக்குள் மறக்கப்பட்டுப் படுத்துவிடுகிற கிழட்டு வேலைக்காரன் பீர்ஸை நான் எப்போதும் அந்தப் பெற்றோருக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன். பீர்ஸைப் பயில விரும்புகிறவர் இரண்டு நாடகத்தையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

செக்கோவின் மற்ற நாடகங்களிலும் இதே வித்தை இருக்கிறது. 'வான்யா மாமா'வின் கடைசி அங்கத்தில் மருத்துவர் அஸ்த்ரோவ், தான் விரும்பியவள் போனபிறகு, தன்னை விரும்புகிறவளின் முன்னால் நின்று, சுவரில் தொங்குகிற ஆபிரிக்கப் படத்தைப் பார்த்து அங்கே இப்போது பயங்கர வெக்கையாக இருக்கும் என்கிறார். அந்த ருஷ்யக் கிராமத்து வீட்டில் ஆபிரிக்கப் படத்துக்கு எந்தத் தேவையும் இல்லை. அந்த இடம் தன்னை நடுங்கவைத்தது என்று எழுத்தாளர் கோர்க்கி செக்கோவுக்கு எழுதினார். 'மூன்று சகோதரிகள்' நாடகத்தில் துசென்பாக் துவந்த யுத்தத்துக்குப் போகிறான். திரும்பி வரமாட்டான் என்பது பார்வையாளருக்குத் தெரியும். தான் கட்டவிருக்கும் இரீனாவிடம் ஏதோ பெரிதாகச் சொல்ல வந்தவன், இன்றைக்குக் கோப்பி குடிக்கவில்லை, போடச்சொல்லு என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விடுகிறான். இதைப் பயில்கிற நடிகர் சாவை நடிக்கக்கூடாது. அவனுக்குக் கோப்பி உண்மையாகவே வேண்டும்; தொண்டை காய்ந்திருக்கிறது. அந்தத் தாகத்தை மட்டும் பிடித்தால் போதும்.

கோகலின் 'அரசாங்கப் பரிசோதகர்' (1836) வேறு வகை. அதன் முடிவில் உண்மையான பரிசோதகர் வந்துவிட்டார் என்ற செய்தி கேட்டு எல்லோரும் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் கற்சிலைபோல உறைந்து நிற்கவேண்டும் என்று கோகல் குறித்திருக்கிறார். கூட்ட நடிப்புக்கு அது அருமையான பயிற்சி. ஆனால் தனி நடிகரை ஆக்குவது செக்கோவ்தான் என்பது என் எண்ணம்.

செக்கோவின் இந்த நாடகங்களுக்குப் பின்னால் ஒரு தோல்வியும் உண்டு. 1896 ஒக்ரோபரில் பீற்றர்ஸ்பேர்க்கில் 'கடற்பறவை' மேடையேறியபோது அரங்கம் எள்ளி நகையாடியது. நடிகர்கள் பழக்கப்பட்ட பாணியில் வசனங்களை உரக்கச் சொன்னார்கள். உள்ளே இருந்தது வெளியே வரவில்லை. அடுத்த ஆண்டு நாடகாசிரியர் நெமிரோவிச் தன்சென்கோவும் ஸ்ரனிஸ்லாவ்ஸ்கியும் மொஸ்கோ உணவகம் ஒன்றில் சந்தித்து, பதினெட்டு மணிநேரம் பேசி, புதிய அரங்கம் ஒன்றுக்குத் திட்டம் போட்டார்கள். 1898 டிசெம்பரில் அதே நாடகம் அவர்களுடைய மொஸ்கோ கலை அரங்கில் வென்றது. பிரதி மாறவில்லை, நடிகர்கள் அதைப் படித்த விதம் மாறியது. காட்சியைப் படிப்பது என்று நான் சொல்வது இதைத்தான்.

செக்கோவ் எங்கள் நாட்டுக்கும் வந்துபோனவர். 1890இல், முப்பது வயதில், சகலின் தீவின் சிறைக்கைதிகளைப் பார்த்துவிட்டுக் கப்பலில் திரும்புகையில் கொழும்பில் இறங்கினார், கண்டிக்குப் போனார், இலங்கையைச் சொர்க்கம் என்று எழுதினார். வழியில் கப்பலில் இறந்தவர்களைக் கடலில் விட்டதைக் கண்டவர், கடலில் அடக்கம் செய்யப்படுகிற சிப்பாயைப் பற்றிய 'குசேவ்' என்ற கதையைக் கொழும்பில் எழுதத் தொடங்கினார். பெரும் நாடகங்கள் எல்லாம் அந்தப் பயணத்துக்குப் பிறகு வந்தவை. கடலைக் கடந்து போகிறவர்களை அவர் கண்டிருந்தார் என்பதை ஒரு தீவு நடிகர் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

தீவுப்பகுதியில் நாடகமும் அரங்கியலும் படிக்கிற பிள்ளைகளுக்கும், அவர்களைப் பழக்குகிற ஆசிரியர்களுக்கும் சொல்வது இதுதான். ஸ்ரனிஸ்லாவ்ஸ்கியின் பெயரைப் பரீட்சைக்குப் பாடமாக்குவதோடு விட்டுவிடாதேங்கோ. இந்தக் காட்சிக்கு இரண்டு நடிகர், வெளியே நின்று கூப்பிட ஒருவர், இரண்டு மூன்று துணி மூட்டை, ஒரு வாங்கு வேண்டும், வேறொன்றும் வேண்டாம். வசனத்தை முதலில் உங்கள் பேச்சுத்தமிழில் சொல்லிப் பழகுங்கோ. வார்யா உண்மையாகத் தேடட்டும், லொப்பாகின் உண்மையாகக் குளிரைப் பற்றிப் பேசட்டும். பழகியதும் வாசிகசாலையில் ஊர்ச்சனத்துக்கு முன்னால் ஒருநாள் செய்துகாட்டுங்கோ. செரி மரத்தைக் காணாத எங்கள் ஆச்சிமாருக்கு விளக்கவுரை தேவைப்படாது.